தனியாக, கெடுவுக்குள், இந்தியராக

1929 நவம்பர் 19 அன்று லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் சில வரிகளே கொண்ட ஓர் அறிவிப்பு வந்தது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கோ, இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கோ விமானத்தில் பறந்து சேரும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுன் பரிசு தருவார். துணைக்கு ஆள் கூடாது. குறித்த கெடுவுக்குள் பயணம் முடிய வேண்டும். 1930 ஜனவரி தொடங்கி ஓராண்டுக்குப் பரிசு திறந்திருக்கும். லண்டன் ராயல் ஏரோ கிளப்பின் மூலமாக இந்த அறிவிப்பு வெளியானது.

அன்றைய மாற்று விகிதத்தில் 500 பவுன் என்பது சுமார் 6,666 ரூபாய். ஒரு சராசரி இந்தியக் குடும்பம் கனவிலும் காணாத தொகைதான். ஆனால் இந்தப் பயணத்துக்கு எல்லோரும் தேர்ந்தெடுத்த ஜிப்ஸி மாத் விமானத்தின் விலையே 650 பவுன் அளவில் இருந்தது. பெட்ரோல், வழிச்செலவு, பழுதுபார்ப்பு எல்லாம் தனி. போட்டியில் ஜெயித்தாலும் கைநட்டம் என்றால், இந்தப் பணம் எதை வாங்கியது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட 1900-க்குப் போக வேண்டும். விமானப் பரிசுகளின் தாய்வீடு பாரிஸ். அன்று எங்கள் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை ஆண்டதும் பாரிஸ்தான். எண்ணெய் வியாபாரத்தில் பணம் சேர்த்த ஆன்ரி தாய்ச் த லா மெர்த் என்பவர் 1,00,000 பிராங்க் பரிசு அறிவித்தார். சான் க்ளூவிலிருந்து கிளம்பி, ஐஃபல் கோபுரத்தைச் சுற்றி, முப்பது நிமிடத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர வேண்டும். தொலைவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். 1901 அக்டோபர் 19 அன்று பிரேசில்காரர் சாந்தோஸ் துமோந் தன் சுருட்டு வடிவ பலூனில் இதைச் செய்தார். செய்தாரா என்பதில்தான் தகராறு. கோட்டைக் கடந்த நேரத்தை எடுப்பதா, கயிறு தரையாட்களின் கையில் சிக்கிய நேரத்தை எடுப்பதா? முதலாவது என்றால் ஜெயம், இரண்டாவது என்றால் சில விநாடிகளில் தோல்வி. குழு கூடி வாதாடியது, பாரிஸ் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள், கடைசியில் பரிசு அவருக்கே போனது. அவர் அதை ஏழைகளுக்கும் தன் வேலையாட்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்.

இந்தத் தகராறைச் சில்லறை விஷயம் என்று தள்ள முடியவில்லை. பரிசின் உயிரே அதன் சரத்தில்தான் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. எங்கே கோடு, யார் சாட்சி, எப்போது கடிகாரத்தை நிறுத்துவது என்று எழுதிவைத்தால்தான் ‘நான் பறந்தேன்’ என்ற சொல் ஊருக்குப் பொதுவான உண்மையாகிறது.

அடுத்த உதாரணம் இன்னும் தெளிவானது. தாய்ச் த லா மெர்த்தும் வழக்கறிஞர் எர்னஸ்ட் ஆர்ஷ்தெயக்கும் சேர்ந்து 50,000 பிராங்க் வைத்தார்கள். விமானம் ஒரு கிலோமீட்டர் வட்டமடித்துத் திரும்ப வேண்டும். 1908 ஜனவரி 13 அன்று இஸ்ஸி லெ மூலினோ மைதானத்தில் ஆன்ரி ஃபார்மன் ஒன்றரை நிமிடத்துக்குள் சுற்றி வந்து வாங்கினார். ஐரோப்பாவே கொண்டாடியது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, 1905 அக்டோபர் 5 அன்று, அமெரிக்காவில் ஒரு மாட்டு மேய்ச்சல் நிலத்தின் மேல் வில்பர் ரைட் சுற்றிச் சுற்றி 39 கிலோமீட்டர் பறந்திருந்தார். ரைட் சகோதரர்களை எந்தப் பரிசும் இழுக்கவில்லை. சைக்கிள் கடை வருமானத்தில், யார் கண்ணிலும் அதிகம் படாமல் வேலை செய்தார்கள். அவர்கள் முதன்முதலாகப் பறப்பதற்குச் சில நாள் முன்பு வரை அமெரிக்கப் போர்த்துறையின் 50,000 டாலர் மானியத்தோடு முயன்ற பேராசிரியர் லாங்லியின் பொறி 1903-இல் இருமுறையும் ஆற்றில் விழுந்தது.

ஆக, பரிசுகள்தான் விமானத்தைக் கண்டுபிடிக்க வைத்தன என்று சொல்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். கண்டுபிடிப்பு முதலில் வந்தது, பரிசு பின்னால் வந்தது. பரிசு செய்த வேலை வேறு: ஒளிந்திருந்ததை மைதானத்துக்கு இழுத்து, கூட்டத்தின் முன் அளந்து காட்டியது. அதன் பிறகுதான் முதலாளிகள் பணத்தோடு வந்தார்கள்.

1909 ஜூலை 25 அன்று லூயி ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ‘டெய்லி மெயில்’ நாளிதழின் 1,000 பவுன் பரிசைப் பெற்றார். அந்தச் செய்தி சென்னை வரை கேட்டது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கமோ தாஞ்செலிஸ் என்பவர் சொந்தமாக ஒரு விமானத்தை வரைந்து, சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் செய்துவாங்கி, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குக் காட்டினார் என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே அவருக்குப் பரிசு வைக்க ஒரு தாய்ச் த லா மெர்த் இல்லை. ஓட்டல்காரருக்குத் தெரிந்த வழி டிக்கெட் விற்பது. அது வேடிக்கையாகவே முடிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று அலகாபாத் பொருட்காட்சியில் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 6,500 கடிதங்களை யமுனைக்கு அப்பால் நைனிக்கு எடுத்துப்போனதும் அப்படித்தான். உலகின் முதல் விமானத் தபால் என்று தபால்தலைப் பிரியர்கள் இன்றும் போற்றுகிறார்கள், ஆனால் அதைத் தொடர்ந்து இருபது ஆண்டுகளுக்கு இந்தியர் எவரும் தபால் விமானம் நடத்தவில்லை.

ஆகா கானின் சரத்தில் விசித்திரமாகப் படுவது ‘இந்தியர்’ என்ற கட்டுப்பாடு. இதற்கு முன்னோடி இருந்தது. 1919-இல் ஆஸ்திரேலிய அரசு, இங்கிலாந்திலிருந்து முப்பது நாளுக்குள் ஆஸ்திரேலியா வந்து சேரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் என்று அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் நவம்பர் 12 அன்று கிளம்பி, கராச்சி, டெல்லி, கல்கத்தா வழியாக டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். புறப்பட்ட மற்ற அணிகளில் நான்கு பேர் செத்தார்கள். பேரர், மெகிண்டாஷ் என்ற இருவர் கெடு முடிந்து பல மாதம் கழித்து, ஒட்டுப்போட்ட விமானத்தோடு வந்து சேர்ந்தார்கள். பரிசை அறிவித்த அரசு பத்தாயிரத்தோடு தப்பித்தது. மற்ற எல்லாச் செலவும், நான்கு உயிரும், முயன்றவர்கள் கணக்கில் போயின. பரிசுப் போட்டியின் பொருளாதாரம் இதுதான், அதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

1930-க்கு வருவோம். கராச்சிக்கும் லண்டனுக்கும் இடையில் வழி ஏற்கனவே போடப்பட்டிருந்தது. இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் 30 முதல் லண்டன் விமானத்தளமான குரோய்டனிலிருந்து கராச்சிக்குத் தபால் ஓட்டிக்கொண்டிருந்தது. பாரசீக வளைகுடா ஓரமாகவும் ஈராக் பாலைவனத்திலும் இறங்குதளங்கள், பெட்ரோல் கிடங்குகள் இருந்தன. இந்தியாவில் கராச்சி, பம்பாய், டெல்லி, கல்கத்தாவில் பறக்கும் கிளப்புகள் தொடங்கி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. வழியும் பள்ளியும் தயார். யாராவது கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. பரிசு வேலை செய்வது இப்படிப்பட்ட பதத்தில்தான்.

மூன்று பேர் கிளம்பினார்கள். ராவல்பிண்டிக்காரரான மன்மோகன் சிங் ‘மிஸ் இந்தியா’ என்று பெயர் எழுதிய விமானத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். இருமுறை ஐரோப்பாவுக்குள்ளேயே தடுமாறித் திரும்பினார். லண்டன் விமானப் பத்திரிகை கேலி செய்தது. மனிதர் விடவில்லை, மூன்றாம் முறை கிளம்பினார்.

இரண்டாமவர் ஆஸ்பி எஞ்சினியர், 17 வயதுப் பையன். 1930 மார்ச்சில் ஆர். என். சாவ்லா என்பவரோடு சேர்ந்து கராச்சியிலிருந்து இங்கிலாந்து போயிருந்தார். இந்தியர் ஓட்டி இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற முதல் விமானம் அதுதான். ஆனால் இருவர் போனதால் ஆகா கான் பரிசுக்கு அது செல்லாது. பையன் யோசித்தான்: வந்த வழியே தனியாகத் திரும்பினால் செல்லுமே! ஏப்ரல் 25 அன்று குரோய்டனிலிருந்து கிளம்பினார்.

மூன்றாமவர் ஜெ. ஆர். டி. டாட்டா. வயது 25. 1929 பிப்ரவரியில் இந்தியாவிலேயே முதலாம் எண் கொண்ட விமான ஓட்டி உரிமத்தைப் பெற்றவர். எதிர்த்திசையைத் தேர்ந்தெடுத்து மே 3 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டார். எந்தத் திசையிலும் பறக்கலாம் என்று சரத்து அனுமதித்ததால்தான், போட்டியாளர்கள் பாதி வழியில் எதிரெதிரே சந்திக்கும் விநோதம் நடந்தது. எகிப்தில், அலெக்சாந்திரியா அருகே அபுகிர் தளத்தில் ஜெ.ஆர்.டி. இறங்கியபோது அங்கே ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் முடங்கிக் கிடந்தார். ஜெ.ஆர்.டி. தன்னிடம் கூடுதலாக இருந்ததைக் கொடுத்தார். பதிலுக்கு ஆஸ்பி தன் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார், ஜெ.ஆர்.டி. இனித்தான் மத்தியதரைக் கடலைத் தாண்ட வேண்டும். இருவரும் அவரவர் திசையில் பறந்தார்கள்.

மே 11 அன்று ஆஸ்பி கராச்சியில் இறங்கினார். அப்போது ஜெ.ஆர்.டி.யின் பயணம் முடிந்திருக்கவில்லை. மன்மோகன் சிங்கும் தனியாகப் பறந்து கராச்சியை எட்டியிருந்தார், ஆனால் வழியில் பழுதாகித் தாமதித்ததால் கெடு தாண்டிவிட்டது. பரிசு ஆஸ்பிக்கு.

இந்தச் சந்திப்பைத் தியாகக் கதையாக்கிச் சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது. பிளக் கொடுக்காமல் இருந்திருந்தால் டாட்டா ஜெயித்திருப்பார் என்பார்கள். அபுகிர் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். ஒருநாள் இருநாள் தாமதித்தாலும் பிளக் வந்துசேர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. ஒரு நாள்தான் இங்கே எல்லாம் என்பதும் உண்மைதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வாரத்தில் ஆஸ்பி போன அதே திசையில் இன்னொரு ஜிப்ஸி மாத் பறந்துகொண்டிருந்தது என்பது. ஏமி ஜான்சன் என்ற 26 வயது ஆங்கிலப் பெண் மே 5 அன்று குரோய்டனில் கிளம்பி, மே 10 அன்று கராச்சியில் இறங்கி, மே 24 அன்று டார்வின் போய்ச் சேர்ந்தார். குரோய்டன்–கராச்சிக்கு ஆஸ்பிக்குப் பதினேழு நாள் பிடித்தது, ஏமிக்கு ஆறு. ஏமிக்கு ‘டெய்லி மெயில்’ 10,000 பவுன் கொடுத்தது, ஆகா கான் தொகையைப் போல் இருபது மடங்கு.

வேகத்தை அளந்தால் ஆஸ்பியின் பயணம் சாதனையே அல்ல. ஆகா கானின் சரத்து வேகத்தைக் கேட்கவில்லை. அது கேட்டது, இயக்குவிசையில் ஓர் இந்தியரின் கை. அந்த மாதங்களில் அதன் பொருள் என்ன என்பதைத் தேதிகளே சொல்லும். ஏப்ரல் 6 அன்று காந்தி தண்டியில் உப்பெடுத்தார். ஆஸ்பி குரோய்டனில் கிளம்பிய ஐந்தாம் நாள், ஏப்ரல் 30 அன்று, ராஜாஜியின் படை வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது. ஜெ.ஆர்.டி. கராச்சியை விட்ட இரண்டு நாளில் காந்தி கைதானார். ஆகா கான் காங்கிரஸ்காரர் அல்ல. பிரிட்டிஷ் பேரரசோடு நெருக்கமாக இருந்த, கராச்சியில் பிறந்த இஸ்மாயிலி ஆன்மிகத் தலைவர். ஆயினும் இந்தியர் கையில் பொறியை நம்பிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, சாட்சி வைத்து நிரூபித்த பதில் ஒன்று அவர் பணத்தால் கிடைத்தது. இந்திய விமானப்படை 1932-இல் உருவாகும்போது அந்தக் கேள்வி மறுபடி எழவிருந்தது. ஆஸ்பி அதில் சேர்ந்து, 1960 டிசம்பரில் அதன் தளபதியானார்.

‘இந்தியர்’ என்ற அந்தச் சரத்தின் ஓரத்தைச் சற்று உரசிப் பார்க்கத் தோன்றுகிறது. ஜெ.ஆர்.டி. பாரிஸில் பிறந்தவர், தாய் பிரெஞ்சுக்காரி. சிறுவயதில் வடபிரான்சின் ஆர்தெலோ கடற்கரையில் கோடையைக் கழித்தபோது, அங்கே வீடு வைத்திருந்த ப்ளேரியோவின் விமானங்கள் மணலில் இறங்குவதைப் பார்த்தே பறக்கும் ஆசை பிடித்தது என்று சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுக் குடிமகனாகப் படைச்சேவையும் செய்தார். 1929-இல்தான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பரிசு அறிவிப்பு. ஓராண்டு முந்தி வந்திருந்தால் அவர் தகுதி பெற்றிருப்பாரா?

இதே கேள்வி எங்கள் பக்கத்தில் இன்னும் சிக்கலாகிறது. சங்கராபரணிக் கரையில் உறுவையாறு 1930-இல் பிரெஞ்சு மண். வில்லியனூரும் பாகூரும் ஒரே துண்டாகவும் இல்லை. தென்னார்க்காட்டுப் பிரிட்டிஷ் கிராமங்கள் இடையிடையே நுழைந்து, வயலுக்கு வயல் ஆட்சி மாறும். ஒரே ஏரித் தண்ணீரில் பாயும் இரு வயல்களின் சொந்தக்காரர்களில் ஒருவர் லண்டனின் குடி, மற்றவர் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பும் குடி. வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தமிழர் ஆகா கான் போட்டியில் சேரலாம். இந்தப் பக்கத்தவர் ‘இந்தியர்’தானா என்று ராயல் ஏரோ கிளப் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்திருக்கும். யாரும் விண்ணப்பிக்காததால் அவர்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

விண்ணப்பிக்காததற்குக் காரணம் குடியுரிமை அல்ல என்பது சொல்லாமலே விளங்கும். பாரிஸில் பணக்காரர்கள் கோபுரத்தைச் சுற்றப் பரிசு வைத்த காலத்தில் வில்லியனூருக்கு வந்திருந்த பெரிய பொறி விழுப்புரம்–பாண்டிச்சேரி ரயில். விமானம் கற்கக் கிளப் வேண்டும், கட்டணம் வேண்டும், கிளம்ப விமானம் வேண்டும், தோற்றால் தாங்க வீட்டில் வசதி வேண்டும். மூன்று போட்டியாளர்களும் இந்த வாசற்படியைத் தாண்டியவர்கள்தான். பரிசு எல்லோருக்கும் திறந்த கதவு என்று சொல்வது வழக்கம். கதவு திறந்திருந்தது, வாசற்படி உயரமாக இருந்தது.

தோற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? மன்மோகன் சிங் இரண்டாம் உலகப் போரில் கடல்விமானம் ஓட்டினார். 1942 மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியாவின் ப்ரூம் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கியபோது உயிரிழந்தார். ஜெ.ஆர்.டி.யின் கதை எல்லோரும் அறிந்தது. நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர் வகுத்த தபால் திட்டத்தை அரசு மானியம் தர மறுத்தும் கையிலெடுத்தார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து புஸ் மாத் விமானத்தில் தபாலோடு கிளம்பி, அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். சென்னைக்கு ஒழுங்காக விமானத் தபால் வரத் தொடங்கியது அப்படித்தான். 500 பவுன் பரிசில் ஒரு பைசாவும் அதில் இல்லை. இரண்டாவதாக வந்தவர் தன் குடும்பக் கம்பெனியின் பணத்தில் தொடங்கியது.

பரிசு என்ற இந்த உத்தி செத்துப்போகவில்லை. ரேமண்ட் ஓர்தேக் என்ற ஓட்டல்காரர் வைத்த 25,000 டாலரை 1927-இல் நியூயார்க்–பாரிஸ் பறந்து லிண்ட்பர்க் வாங்கிய கதையைப் படித்துத்தான் பீட்டர் டயமாண்டிஸ் என்ற அமெரிக்கர் தனியார் விண்கலத்துக்கு ஒரு கோடி டாலர் எக்ஸ் பரிசைத் தொடங்கினார். ஓர்தேக் பரிசுக்காகப் போட்டியாளர்கள் செலவழித்தது தொகையைப் போல் பதினாறு மடங்கு என்பது அவர் பெருமையாகச் சொல்லும் கணக்கு. கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பெருமைதான். அவரிடம் அந்த ஒரு கோடி டாலர் கையில் இருக்கவில்லை. குறித்த நாளுக்குள் யாராவது ஜெயித்தால் காப்பீட்டுக் கம்பெனி பணம் தரும் என்று பிரீமியம் கட்டி வைத்தார். 2004 அக்டோபர் 4 அன்று ‘ஸ்பேஸ்ஷிப் ஒன்’ ஜெயித்து, கம்பெனி பந்தயத்தில் தோற்றது.

அடுத்து அதே அமைப்பு கூகுள் பணத்தில் நிலவுக்குப் பரிசு வைத்தது. தனியார் அணி நிலவில் மெதுவாக இறங்கி, 500 மீட்டர் நகர்ந்து, படம் அனுப்பினால் முதல் பரிசு 2 கோடி டாலர். பெங்களூரின் டீம் இண்டஸ் போட்டியிட்டது. இறங்கும் தொழில்நுட்பத்துக்காக 2015 ஜனவரியில் அதற்கு 10 லட்சம் டாலர் இடைப்பரிசு கிடைத்தது. பாதிவழியில் பணம் கொடுக்கும் இந்த ஏற்பாடு, ஆகா கான் காலத்துப் பரிசுகளில் இல்லாத நல்ல திருத்தம். ஆயினும் போதவில்லை. கெடுவைப் பலமுறை தள்ளிவைத்தும் யாரும் கிளம்பவில்லை. 2018 மார்ச்சில் பரிசு காலாவதியானது. நிலவுக்கு வழியும் இறங்குதளமும் யாரும் போட்டுவைக்கவில்லை. கராச்சி–குரோய்டன் வழியில் 1930-இல் இருந்த பதம் அங்கே அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

நிலவில் இந்தியா இறங்கியது வேறு கணக்கில். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் என்ற இறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியது. பரிசுப் போட்டியில் இது நடந்திருந்தால் அந்த அணி அன்றோடு வீட்டுக்குப் போயிருக்கும். இங்கே தோற்ற அணிக்கே அரசு மறுபடி பணம் ஒதுக்கியது, சுமார் 615 கோடி ரூபாய். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தென்துருவத்தின் அருகே இறங்கியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகன், விழுப்புரத்துக்காரர். வில்லியனூருக்கு ரயில் கிளம்பி வரும் ஊர்.